தக்கை இல்லாத தூண்டில்

கேரட் கழுவும் இயந்திரம் நின்ற பிறகுதான்
கேத்தியில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்கும்.
இரவு எட்டரை.
என் தையல் கடையின் வெட்டுமேஜையில்
இந்தியா விரிந்து கிடக்கிறது,
நாலு மூலைக்கும் நூல்கண்டு பாரம்.

பெள்ளிராஜ் அளவு நாடாவைப் போடுகிறான்.
“தீர்த்தன் ஆறு, பதினாறரை அங்குலம்.”
ஏதோ முழுக்கைச் சட்டைக்குச் சொல்வதுபோல.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை இறக்குகிறவன்,
அவனுக்கு எந்த ஊரும்
ஏற்றம் அல்லது இறக்கம்.
“கல்லட்டியில இறங்கிடலாம்,
நம்ம வண்டி நாற்பத்து மூணு, தடுக்க மாட்டாங்க.
பந்திப்பூர் கேட் ஆறு மணிக்குத் திறக்கும்,
முதல் வண்டி நாமதான்.”
அதுவரை அவன் விரல் வேகமாக ஓடியது.
கர்னூல் தாண்டியதும் மெதுவானது.
நாக்பூரில் ஒருமுறை நின்று
நெற்றியைச் சொறிந்துகொண்டது.

டெய்சி லேபிலிருந்து நேராக வந்தவள்.
சர்க்கரை அளவு எழுதும் அதே கையெழுத்தில்
ஆற்றின் சூட்டை எழுதுகிறாள்:
பதினெட்டு டிகிரிக்கு மேல் ட்ரவுட்டுக்கு மூச்சு வாங்கும்.
அக்டோபரில் மழை வடிந்திருக்கும்.
நவம்பர் பிறந்தால் ஆற்றை மூடிவிடுவார்கள்.
நடுவே பத்து நாள், அதில்
போக நாலு, வர நாலு.

மிச்சம் இரண்டு நாளை
மூவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே இல்லையா என்றால், இருக்கிறது.
அவலாஞ்சியில்,
கப்பலில் பனிக்கட்டிக்குள் முட்டையாக வந்து
ஊர்க்காரனாகிவிட்ட அதே மீன்.
அனுமதி கேட்டு மூன்று கடிதம் போட்டோம்.
முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஆறு
மூவாயிரம் கிலோமீட்டரைவிடத் தூரம்.

என் பொறுப்பு ஈ.
ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்டு வாங்கிய
சேவலின் கழுத்து இறகு,
யாரோ கல்யாண ஜாக்கெட்டில் மிஞ்சிய ஜரிகை,
அரிசிமணி அளவு கொக்கி.
ஒரு பொய் ஈக்கு நாற்பது நிமிடம்.
இதுவரை பதினேழு.
முதல் ஆறும் ஈ மாதிரி இல்லை,
பட்டன் மாதிரி இருக்கின்றன. அவற்றையும் வைத்திருக்கிறேன்.

டீ கொண்டுவந்த சுகந்தி,
பெள்ளிராஜின் மனைவி, கேட்டாள்:
“பிடிச்சு என்ன பண்ணுவீங்க?”
“விட்டுருவோம்.”
“பெட்ரோலுக்கு இருபத்தெட்டாயிரம் எழுதியிருக்கு.”
“ஆமா.”
“விடறதுக்கு?”
டம்ளர்களில் ஆடை படிந்தது.

தூண்டில்காரனுக்குத் தக்கைமேல் கண் என்பார்கள்.
எங்கள் தூண்டிலில் தக்கை இல்லை.
கண்ணை எங்கே வைப்பது என்பதைத்தான்
ஒவ்வொரு ஞாயிறும் பள்ளி மைதானத்தில் பழகுகிறோம்,
கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி.
பின்னால் போன நூல்
காற்றில் நேராகும்வரை கை சும்மா இருக்க வேண்டும்.
அந்த அரை நொடி எனக்கு வராது.
பெள்ளிராஜுக்கும் வராது, ஹாரன் அடிக்கிற கை.
கோல்கம்பம், யூகலிப்டஸ் கிளை,
வார்டன் காயப்போட்ட போர்வை,
எல்லாம் பிடித்தாயிற்று.

சென்ற வாரம் சுகந்தி
பையன் செருப்பைத் தேடி மைதானத்துக்கு வந்தவள்
“இங்க குடுங்க” என்று கோலை வாங்கினாள்.
நூல் பின்னால் போனது.
அவள் காத்திருந்தாள், பால் பொங்கக் காத்திருப்பதுபோல.
பிறகு முன்னால்.
நாற்பது அடி தள்ளிக் கிடந்த பிளாஸ்டிக் வாளியில்
கம்பளி சத்தமில்லாமல் உட்கார்ந்தது.
செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று வந்திருக்கிறாள், டீ இல்லாமல்.
வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு
ஜான்சியில் தங்க வேண்டாம், ராத்திரியே ஓட்டு என்கிறாள்.
ஆம்னியில் நாலாவது ஆளுக்கு
அடுப்பு பின்னால் போகிறது,
வர்க்கி டின் மடிக்கு வருகிறது.

ஒரே ஒரு நிபந்தனை:
“ஒண்ணாவது குழம்பு வைக்கணும்.”
டெய்சி பேனாவை மூடிவிட்டாள்.
பெள்ளிராஜ் கூரையைப் பார்க்கிறான்.
பட்டியலில் நாற்பத்தோராவது வரியில்
புளி, ஐம்பது கிராம் என்று
நான்தான் எழுதினேன், பென்சிலால்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.